நமீபியப் பாலைவனச் சாலையில் கோளாறு வந்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

விண்ட்ஹுக்கில் கிளம்பி, செஸ்ரியம், ஸ்வாகொப்முண்ட், டமராலாந்து, எட்டோஷா என்று சுற்றி மறுபடி விண்ட்ஹுக்குக்கே திரும்புவது, நமீபியாவில் தனி வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு போகிறவர்களின் வழக்கமான பாதை. 8.25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நாட்டில் மக்கள்தொகை சுமார் 30 லட்சம்தான். சில சாலைகளில் மணிக்கணக்கில் எதிரே ஒரு வண்டி வராது. கோளாறு என்று வந்தால் வண்டியில் இருக்கும் பொருளும் வண்டியில் இருக்கும் ஆட்களும்தான் துணை.

வழிகாட்டிதான் இருக்கிறாரே, எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று பின் இருக்கையில் சாய்ந்துவிடுகிறோம். சின்னக் கோளாறு பெரிதாவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை. பின்சக்கரத்தின் சத்தம் முதலில் கேட்பது உங்களுக்கு. தலைவலி வந்தது தெரிவதும் உங்களுக்குத்தான். அவர் திறமைசாலியாகவே இருந்தாலும் சொன்னதைத்தான் சரிசெய்ய முடியும். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியானாலும் முதல் வேலை, வாயைத் திறந்து சொல்வது.

பின்பக்கம் தப்தப்பென்று சத்தம், அல்லது வண்டி ஒருபக்கமாக இழுக்கிறது

முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள். இந்தச் சாலைகளில் பெரும்பகுதி சரளை. கூரான கல் டயரின் அடிப்பாகத்தை விட்டுவிட்டு மெல்லிய பக்கச்சுவரை அறுத்துவிடும். முன்டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் காட்டிக்கொடுக்கும். பின்டயரில் இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியவே சில கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்குள் டயர் சூடேறி, பக்கச்சுவர் உள்ளுக்குள் நொறுங்கி, ஒட்டுப்போடவே முடியாதபடி பாழாகியிருக்கும். சில நிமிடத்தில் ஒட்டியிருக்கக்கூடிய பஞ்சருக்காகப் புது டயர் வாங்க வேண்டிவரும்.

வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நின்றதும் நான்கு டயர்களின் பக்கச்சுவரிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே சூட்டில் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதில் காற்று இறங்குகிறது. நல்ல வழிகாட்டி எங்கே நிறுத்தினாலும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து இதைச் செய்துவிடுவார். சாலிட்டேர் என்ற சிற்றூருக்கு முன்னால் ஓரிடத்தில் நின்றபோது, ஒரு வழிகாட்டி பின் இடது டயரில் கையை வைத்தவர் அப்படியே மண்டியிட்டார். விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது, மறுபடி எழுந்தது. வால்வின் மூடி எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. உள்ளே மணல் புகுந்து வால்வு சரியாக மூடவில்லை. வால்வின் உள்ஊசியை மாற்றிக் காற்றடித்து, புது மூடி போட்டு முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டயருக்கு ஒரு சேதமும் இல்லை. தினமும் காலையில் நான்கு மூடிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பஞ்சர் அடிக்கடி வருகிறதென்றால் அழுத்தம் தவறாக இருக்கிறது. சுமை ஏற்றிய ஹைலக்ஸ் போன்ற வண்டிக்குத் தார்ச் சாலையில் 32 முதல் 36 பி.எஸ்.ஐ., சரளையில் 26 முதல் 29, ஆழ மணலில் 15 முதல் 18 என்பது பொதுவான கணக்கு. காற்று மிகுந்த டயரைக் கல் எளிதில் வெட்டும். அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். குறைத்த பிறகு வேகத்தையும் குறைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வண்டியில் இரண்டு ஸ்டெப்னி, காற்றடிக்கும் கம்ப்ரஸர், அழுத்தமானி, பஞ்சர் ஒட்டும் பெட்டி இவை நான்கும் இல்லாமல் விண்ட்ஹுக்கை விட்டு நகரவே நகராதீர்கள்.

எட்டோஷாவுக்குள் பஞ்சரானால் மட்டும் நடைமுறை வேறு. முகாம்களையும் வேலியிட்ட நிறுத்தங்களையும் தவிர எங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. சிங்கம் படுத்திருக்கும் புல் உங்கள் முழங்கால் உயரம்தான் இருக்கும். உள்ளேயே இருந்து முகாமைத் தொடர்புகொள்ளுங்கள், அல்லது அடுத்த வண்டி வரும்வரை காத்திருங்கள்.

ஸ்டெப்னியைக் கழற்ற முடியவில்லை

பல பிக்கப் வண்டிகளில் ஸ்டெப்னி அடிப்பக்கம் சங்கிலியில் தொங்கும். பின் பம்பருக்கு அருகில் உள்ள துளை வழியே நீண்ட கம்பியைச் செருகிச் சுழற்றினால் அது கீழே இறங்கும். அந்தப் பற்சக்கரத்தில் தூசி இறுகிவிட்டால் கம்பி சுழலவே சுழலாது. நடுச்சாலையில் இதைக் கண்டுபிடிப்பதைப்போலக் கொடுமை இல்லை. கிளம்பும் நாள் காலையில், ஊருக்குள்ளேயே, ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஜாக்கி எங்கே, அதை மணலில் புதையாமல் வைக்கத் தடித்த பலகை எங்கே என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எந்த நல்ல வழிகாட்டியும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல் கிடுகிடுக்கும் ஆட்டம், வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது

சாலையைச் சமன்செய்யும் கிரேடர் இயந்திரம் வந்து வெகுநாள் ஆன சரளைச் சாலையில், கடற்கரை ஈரமணலில் அலை விட்டுப்போகும் வரிகளைப்போலக் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். வேகமாகப் போனால் அதன்மேல் மிதந்துவிடலாம் என்பார்கள். ஆட்டம் குறைவது உண்மைதான். ஆனால் டயர் தரையைத் தொடும் நேரமும் குறைகிறது. பிரேக் பிடிக்காது, வளைவில் பின்பக்கம் வெளியே ஓடும். நமீபியாவில் சுற்றுலா வண்டிகள் கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான், எதிரே மோத யாருமே இல்லாத சாலையில்.

சரளைச் சாலையில் சட்டப்படி 100 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம். 80-ஐத் தாண்ட வேண்டாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முள் ஏறினால் தயங்காமல் சொல்லுங்கள். ஏன் ஏறுகிறது என்றும் யோசியுங்கள். காலையில் நீங்கள் புகைப்படத்துக்காக ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால், அந்த ஒரு மணியை அவர் இப்போது சாலையில் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்.

எதிரே வண்டி வரும்போது இடப்பக்கம் நன்றாக ஒதுங்கி வேகம் குறைப்பது, அது வீசும் கல்லிலிருந்து கண்ணாடியைக் காக்கும். கண்ணாடியில் சிறு விரிசல் விழுந்துவிட்டால் அதன்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டித் தூசி புகாமல் பார்த்துக்கொண்டால் ஊருக்குப் போய்ச் சரிசெய்யலாம்.

மணலில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

மணற்குன்றுகள் சூழ்ந்த சோசுஸ்ஃப்ளேய்க்குப் போகும் சாலையில் செஸ்ரியத்திலிருந்து 60 கிலோமீட்டர் நல்ல தார். கடைசி 5 கிலோமீட்டர் மட்டும் ஆழமான மணல். இந்தப் பயணத்தில் வண்டி புதைய மிக வாய்ப்புள்ள இடம் அதுதான்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், உடனே. மேலும் ஒருமுறை மிதித்துப் பார்க்கும் ஆசைதான் வண்டியை அச்சுவரை புதைக்கிறது. எல்லோரும் இறங்குங்கள். டயர் அழுத்தத்தை 15-க்கு இறக்குங்கள். சக்கரங்களின் முன்னும் பின்னும், குறிப்பாக வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்த இடத்திலும் மண்வெட்டியால் வாருங்கள். பலர் சக்கரத்தை மட்டும் தோண்டிவிட்டு, வயிறு தாங்கிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். சக்கரம் அந்தரத்தில் சுற்றுவது அதனால்தான். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். ஃபோர் வீலில், குறைந்த கியர் வரிசையில், முதலில் பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். வந்த தடத்தில் மணல் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். அதற்கும் வராவிட்டால் சக்கரங்களுக்கு அடியில் மணல் பலகைகளைப் போடுங்கள். பலகை போட்டிருக்கும்போது வண்டிக்கு நேர் பின்னால் நின்று யாரும் தள்ளக் கூடாது, சக்கரம் பலகையைப் பின்னால் எறிந்துவிடும்.

மதியம் மணல் சூடேறித் தளர்ந்திருக்கும்போது புதைந்த வண்டி, காலைக் குளிர்ச்சியில் அதே தடத்தில் சிரமமில்லாமல் போவதை அங்கே அடிக்கடி காணலாம். மணலை விடியலுக்கு ஒதுக்குங்கள்.

பெட்டி முழுக்கத் தூசி

பின்கதவின் இடுக்கு வழியே உறிஞ்சப்படுகிறது. இடுக்கில் அகலமான டேப் ஒட்டுங்கள். ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று வரும்படி விசிறியை ஓடவிட்டால் உள்ளே அழுத்தம் கூடித் தூசி புகுவது குறையும். எதிர்வண்டி கடக்கும் அந்தச் சில விநாடிகள் மட்டும் உட்காற்றுக்கு மாற்றுங்கள். வெளியில் கேமரா லென்ஸை மாற்றாதீர்கள்.

எஞ்சின் சூட்டு முள் ஏறுகிறது, இழுவை குறைகிறது, கருகல் வாடை

மூன்றுக்கும் காரணம் வேறுவேறு.

சூடு ஏறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். மழைக்குப்பின் இரு சக்கரத் தடங்களுக்கு நடுவே புல் உயரமாக வளர்ந்திருக்கும். அதன் விதைகள் ரேடியேட்டரின் கண்களில் போய் அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்.

இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர். கழற்றித் தரையில் தட்டினால் ஒரு கைப்பிடி மண் கொட்டும். டமராலாந்துப் பக்கம் இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது.

கருகல் வாடை வந்தால் காத்திருக்கவே கூடாது. அதே புல் அடிப்பாகத்தில் சேர்ந்து புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றும். முழு வண்டியும் எரிந்துபோன நிகழ்வுகள் உண்டு. இறங்குங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், கம்பியால் புல்லை இழுத்துப்போடுங்கள். தீயணைப்பான் கை நீட்டினால் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டிகளுக்கு அடியில் அல்ல.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

இரவெல்லாம் குளிர்பெட்டி பேட்டரியை உறிஞ்சியிருக்கலாம். ஆனால் முதலில் பேட்டரி முனைகளை ஆட்டிப் பாருங்கள். சாலையின் ஆட்டத்தில் இறுக்கம் தளர்வது மிகச் சாதாரணம். ஒரு ஸ்பேனர் திருப்பில் தீர்ந்துவிடும்.

டீசல் முள் பாதிக்குக் கீழே, அடுத்த பங்க் எங்கே என்று தெரியவில்லை

இந்த நிலைக்கு வரவே கூடாது. பங்க் கண்ணில் பட்டால், முக்கால் டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். செஸ்ரியம், சாலிட்டேர், வால்விஸ் பே, ஸ்வாகொப்முண்ட், ஹென்டீஸ் பே, யூயிஸ், கோரிக்சாஸ், பால்ம்வாக், செஸ்ஃபொன்டெய்ன் ஆகிய இடங்களில் பங்க் உண்டு. இருப்புத் தீர்ந்துபோகும் நாட்களும் உண்டு. மணலில் எரிபொருள் செலவு கணிசமாகக் கூடும். கையில் ரொக்கம் வைத்திருங்கள், கார்டு இயந்திரம் எப்போதும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

தலைவலி, எரிச்சல், மூக்கில் ரத்தம்

பாலைவனத்தில் வியர்ப்பது தெரியாது, வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். அதனால் தாகம் தோன்றும்போது உடம்பு ஏற்கெனவே நீர் இழந்திருக்கும். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி, கருத்து வந்தால் அந்த நேரத்திலிருந்தே குடிக்க ஆரம்பிக்க வேண்டும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு, உப்பும் தேவை. மருந்துக்கடை உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஊரிலிருந்தே எடுத்துப்போகத்தக்கவை. வழியில் இறங்கிச் சிறுநீர் கழிக்க மறைவு இருக்காதே என்று பெண்களும் முதியவர்களும் தண்ணீரையே தவிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை வெட்கப்படாமல் முதல் நாளே பேசித் தீருங்கள். எங்கே பாறை மறைவு உண்டு, எந்த விடுதியில் நிறுத்தலாம் என்று வழிகாட்டிக்குத் தெரியும். உடம்பு காய்ந்துபோவதைவிட அந்தச் சங்கடம் மேல்.

மூக்கில் ரத்தம் வறட்சியால் வருவது. தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னே குனிந்து, மூக்கின் மென்பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நின்றபின் மூக்கின் உள்ளோரம் கொஞ்சம் வாசலீன் தடவுங்கள்.

உளறல், தள்ளாட்டம், பெயர் கேட்டால் குழப்பம் என்று தெரிந்தால் அது வெப்ப மயக்கத்தின் ஆபத்தான கட்டம். நிழலுக்குக் கொண்டுபோய், உடையை நனைத்து, விசிறி, அப்போதே உடல்சூட்டைக் குறைக்க வேண்டும். அதோடு சாட்டிலைட் போனில் உதவி கேட்க வேண்டும். இது அதிகம் நடப்பது மணற்குன்றுகளில். சோசுஸ்ஃப்ளேய்க்கு அருகே, டெட்ஃப்ளேயின் காய்ந்த மரங்களுக்கு மேலே எழும் பிக் டாடி குன்று சுமார் 325 மீட்டர். கோடையில் நண்பகல் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். ஏற்றத்தைச் சூரியன் மேலேறும் முன் முடித்துவிடுங்கள். கைப்பையில் ஆளுக்கொரு பாட்டில் இல்லாமல் குன்றில் கால் வைக்காதீர்கள்.

எட்டோஷாவும் அதற்கு வடக்கும் மழைக்காலத்தில் மலேரியா வரக்கூடிய பகுதிகள். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போய்வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பாலைவனம் என்று வந்தால் பல் நடுங்குகிறது

ஸ்வாகொப்முண்டில் இது சகஜம். கரையோரம் ஓடும் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டத்தால் அங்கே காலையில் மூடுபனி சூழும், நண்பகலிலும் கம்பளி தேவைப்படும். ஜூன், ஜூலை இரவுகளில் உள்நாட்டிலும் வெப்பம் பூச்சியத்தை நெருங்கும். மாறாக, குளிர்கால விடியலில் கடற்கரையிலேயே திடீரென்று சூடு ஏறினால் கிழக்குக் காற்று கிளம்பிவிட்டது என்று பொருள். மணல் வண்டியின் பெயின்டையும் கண்ணாடியையும் உரசித் தீர்த்துவிடும். அன்று விடுதியிலேயே இருப்பதுதான் உத்தமம்.

காய்ந்த ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, வானமோ நீலமாக இருக்கிறது

குய்செப், ஹுவாப், ஹோவானிப் போன்ற ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஜனவரி முதல் ஏப்ரல்வரை, நெடுந்தொலைவில் உள்ள மேட்டுநிலத்தில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலேயே வெள்ளம் வந்து சேரும். நமீப் மணற்குன்றுகளை வடக்கே நகரவிடாமல் தடுப்பது குய்செப்பின் இந்த வெள்ளம்தான். குன்றுகளையே அள்ளிப்போகும் தண்ணீர் ஒரு வண்டியை என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஓடும் நீரைப் பார்த்தால் கரையிலேயே நில்லுங்கள். நீர்மட்டத்தில் ஒரு குச்சி நட்டு, அரை மணி நேரம் பொறுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். பல வெள்ளங்கள் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கலங்கிய நீர் வேகமாக ஓடினாலும், அடி தெரியாவிட்டாலும் அன்றைக்கு அந்தப் பாதை இல்லை. நீர் வடிந்தபின்னும் மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும் களிமண் பட்டைகள் மணலைவிட மோசமாகப் பிடிக்கும். நடந்து பார்க்காமல் வண்டியை இறக்கவிடாதீர்கள்.

எந்தப் பருவத்திலும் ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்க வேண்டாம். வெள்ளம் ஒரு காரணம். ஹோவானிப்பிலும் ஹுவாப்பிலும் திரியும் பாலைவன யானைகளுக்கு அதுவே நடைபாதை என்பது இன்னொன்று.

போன் மூன்று மணி நேரம் என்கிறது, வழிகாட்டி ஐந்து என்கிறார்

வழிகாட்டி சொல்வதே சரி. போன் தூரத்தை வேகத்தால் வகுக்கிறது, சாலையின் நிலை அதற்குத் தெரியாது. கிலோமீட்டர் குறைவு என்று அது காட்டும் டி வரிசைச் சிறு சாலையைவிட, சுற்றிப் போகும் சி வரிசைப் பெரிய சாலை பல நேரம் முன்னதாகக் கொண்டுசேர்க்கும். செஸ்ரியத்திலிருந்து ஸ்வாகொப்முண்டுக்குச் சுமார் 350 கிலோமீட்டர். காவுப், குய்செப் கணவாய்கள் வழியே நிதானமாகப் போனால் ஒரு பகல் முழுக்க அதற்கே சரியாக இருக்கும்.

இருட்டியபின் சாலையில் இருக்கும்படி ஆகிவிட்டால் கோளாறு சாலையில் இல்லை, உங்கள் பயணத்திட்டத்தில் இருக்கிறது. இரவில் குடு மான் வேலியைத் தாண்டி வெளிச்சத்தை நோக்கிப் பாயும். ஒரு குடுவின் எடை 200 கிலோவுக்கு மேல் போகும், முன்கண்ணாடி வழியே உள்ளே வரும். நகரங்களுக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று எழுதிவைத்திருக்கும் வாடகை ஒப்பந்தங்களும் உண்டு. திட்டத்திலிருந்து ஓர் ஊரை வெட்டுங்கள். எல்லா ஊரிலும் இரண்டு இரவு தங்கும் பயணத்தில் இந்தப் பட்டியலில் உள்ள பாதிக் கோளாறுகள் தலைகாட்டாது.

வழிகாட்டி பேச்சைக் குறைத்துவிட்டார், கண்ணைக் கசக்குகிறார், வண்டி ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து திரும்புகிறது என்றால் காபி குடிக்கலாமா என்று கேளுங்கள். அவராக ஓய்வு கேட்க மாட்டார். விருந்தினர் நேரத்தை வீணாக்குகிறோமோ என்ற கூச்சம் அவருக்கு இருக்கும்.

சூரிய உதயத்தைக் குன்றின்மேல் பார்க்க முடியவில்லை

தங்குமிடம், குன்றுகள் இருக்கும் பூங்காவின் செஸ்ரியம் வாயிலுக்கு வெளியே இருக்கிறது. வெளிவாயில் சூரிய உதயத்தின்போதுதான் திறக்கும். பூங்காவுக்குள் தங்குபவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வழிவிடுவார்கள். முன்பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டிய விஷயம், அங்கே போய்ச் சண்டைபோட்டுப் பயனில்லை.

தட்டில் உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றுமில்லை

விடுதி உணவில் ஓரிக்ஸ், குடு, ஸ்பிரிங்போக் என்று இறைச்சியே முன்நிற்கும். சைவம் என்பதை முன்பதிவிலும், மறுபடி ஒரு நாள் முன்பும் வழிகாட்டி மூலம் சொல்லிவிடுங்கள். முட்டை, மீன் பற்றியும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். விண்ட்ஹுக்கிலும் ஸ்வாகொப்முண்டிலும் உள்ள பெரிய கடைகளில் அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். சோள மாவில் கிண்டும் பாப், தக்காளி வெங்காயத் தொக்குடன் நம் வாய்க்கு நன்றாகவே பிடிக்கும்.

அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கிலிருந்து தெற்கே வரும் வழியில் கால்நடை நோய்த் தடுப்பு வேலியின் சோதனைச் சாவடிகள் உண்டு. பச்சை இறைச்சியைத் தெற்கே கொண்டுவரவிட மாட்டார்கள். அடுப்பில் வாட்ட வாங்கியதை அதற்குள் சமைத்து முடித்துவிடுங்கள்.

வழிகாட்டியோடு ஒத்துப்போகவில்லை

மூன்றாம் நாள்வாக்கில் இது எட்டிப்பார்க்கும். ஒரே வண்டிக்குள் அத்தனை மணி நேரம் இருப்பது யாருக்கும் எளிதல்ல. அவர் ஓயாமல் பேசுகிறார் என்றோ, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை என்றோ குறை இருக்கும். மாலையில் வண்டி நின்றபின், தனியாக, ஒரே ஒரு குறையை மட்டும் நேராகச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேண்டாம், மற்றவர்கள் முன்னிலையிலும் வேண்டாம். உங்களுக்குள்ளேயே ஒருவருக்கு மலை, ஒருவருக்கு மிருகம் என்று ஆசைகள் வேறாக இருந்தால், ஐந்து பேரும் ஐந்து கட்டளை இடாமல் ஒருவர் மூலமாகப் பேசுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வேகம், சீட் பெல்ட், மது ஆகிய மூன்றில் தவறு கண்டால் அன்றே ஏற்பாட்டாளரிடம் சொல்லி மாற்று ஆள் கேளுங்கள். நமீபியா சுற்றுலா வாரியத்தில் பதிவு பெற்ற ஏற்பாட்டாளரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்திருந்தால், இந்தப் பேச்சு சிரமமாக இருக்காது.

எட்டோஷா முடிந்து தார்ச் சாலை ஏறியதும் வண்டி நீந்துகிறது

சரளைக்குக் குறைத்த காற்று அப்படியே இருக்கிறது. அந்த அழுத்தத்தில், 120 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயர் கொதித்து வெடிக்கும். பூங்காவைவிட்டு வெளியே வந்ததும் நிறுத்தி, அழுத்தத்தைக் கதவோர அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். அப்போதே சக்கர நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். விண்ட்ஹுக்குக்கு இன்னும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.